கோழி விருந்துக்குக் காத்திருந்தவர்களுக்காக ஓர் ஊர்



கலிஃபோர்னியாவின் புவேனா பார்க்கில் பெர்ரிப் பழங்கள் பயிரிட்டு வந்தவர் வால்டர் நாட். 1934இல் அவர் மனைவி கார்டீலியா கோழி வறுவல் சமைத்து விற்கத் தொடங்கினார். ருசி அறிந்து கூட்டம் பெருகியது; மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்தவர்கள் சுற்றிப் பார்க்கவென்று 1940இல் வால்டர் எழுப்பத் தொடங்கியதுதான் 'கோஸ்ட் டவுன்', அதாவது கைவிடப்பட்ட பழைய ஊரைப் போன்ற ஒரு மாதிரி ஊர்.

அவருடைய பாட்டி, கூண்டு வண்டியில் மேற்கே வந்து குடியேறியவர். அந்தத் தலைமுறையின் உழைப்பு மறந்து போகக்கூடாது என்ற தவிப்பு பேரனுக்கு இருந்தது. புதிதாகக் கட்டிய வீடுகளோடு, பழைய ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அசல் கட்டடங்களையும் அங்கே நிறுத்தினார். கான்சாஸ் மாநிலத்தில் 1879இல் கட்டிய பள்ளிக்கூடம் அவற்றில் ஒன்று. அங்கே கொல்லர் ஒருவர் உலையில் இரும்பைக் காய்ச்சி அடித்துக் காட்டினார். 1952இல் கொலராடோவின் பழைய நீராவி ரயிலும் ஓடத் தொடங்கியது. புகழ்பெற்ற டிஸ்னிலேண்ட் பூங்கா திறந்ததோ அதற்குப் பிறகு, 1955இல்தான்!

இன்று வால்டரின் அந்த இடம் 'நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்' என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா. ரோலர் கோஸ்டருக்காக ஓடிவரும் பிள்ளைகள், வழியில் கொல்லுப்பட்டறையையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிடுகிறார்கள். அருங்காட்சியகத்தின் வாசலை மிதிக்காதவர்களிடமும் வரலாற்றைக் கொண்டு சேர்த்த வால்டரின் வழி போற்றத்தக்கது.

அவர் அதோடு நிற்கவில்லை. வெள்ளிச் சுரங்கங்கள் மூடியபின் பாழடைந்து கிடந்த காலிகோ என்ற நிஜ ஊரையே 1951இல் வாங்கிச் சீரமைத்தார். 1966இல் அதை சான் பெர்னார்டினோ மாவட்ட நிர்வாகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்.