சீனக்குடாவிலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

கிண்ணியாவுக்கு எதிர்க்கரையில் சீனக்குடா விமானத்தளம். அங்கிருந்து பலாலிக்கு நேரே பறந்தால் எத்தனை கிலோமீற்றர்? ஒரு அட்லஸும் பென்சிலும் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

சீனக்குடா அகலாங்கு 8.54, நெட்டாங்கு 81.18. பலாலி 9.79, 80.07. அகலாங்கு வித்தியாசம் 1.25 பாகை. பாகைக்கு 60 கடல் மைல், ஆக 75. நெட்டாங்கு வித்தியாசம் 1.11 பாகை, துருவத்தை நோக்கிக் கோடுகள் நெருங்குவதால் இது கொஞ்சம் குறைந்து 66 கடல் மைல். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்துப் பைதகரஸைக் கூப்பிட்டால் விடை 100 கடல் மைல், அதாவது 185 கிலோமீற்றர்.

உருண்டைப் பூமிக்குத் தட்டை முக்கோணம் சரிவருமா? நம் பக்கத்தில், இவ்வளவு குறுகிய தூரத்துக்கு, தாராளமாகச் சரிவரும். வட நோர்வேயில் கவனம் வேண்டும்: 70ஆம் அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கு 21 கடல் மைலுக்குள் சுருங்கிவிடுகிறது. நீண்ட பயணமென்றால் கோளக் கணக்குத்தான்.

தூரம் இவ்வளவு சுலபம். நேரம்தான் ஏமாற்றும். ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் போகும். வகுத்தால் 22 நிமிடம். நம்பிவிடாதீர்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போகவேண்டும். ஏறும்போது வேகம் குறைவு. இறங்கும்போது சக்கரம் தரைதொடுவதற்குள் 200 அளவுக்குத் தணியவேண்டும். முழுவேகம் நடுவில் சில நிமிடங்களுக்கே. நாற்பது நிமிடமாவது ஒதுக்குவதே நியாயம்.

2019இல் தொடங்கிய சென்னை–பலாலி சேவையிலும் இதே கதைதான்: 355 கிலோமீற்றருக்கு வகுத்தல் சொல்வது 43 நிமிடம், பயணமோ ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும்.