மலிவுக் காலம் முடிகிறது. கணக்கு யார் தலையில்?

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், ஒரே காம்பவுண்டுக்குள் நான்கைந்து போர்ஷன்கள் கொண்ட வீடுகளில், மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் இரண்டு தொகை கேட்பார். ஒன்று வாடகை, இன்னொன்று கரண்ட். சுவரில் மாட்டிய சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய், சில இடங்களில் 10 ரூபாய் என்று கணக்குப் போடுவார்கள்.

ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஃபேன், டியூப்லைட், ஃபிரிட்ஜ், டி.வி., மிக்ஸி. தன் பெயரில் இணைப்பு வைத்திருப்பவர் 2024 ஜூலை முதலான கட்டணப்படி 235 ரூபாய் கட்டினால் போதும். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு மானிய விலை. அதே 200 யூனிட்டுக்கு சப் மீட்டர் குடும்பம் யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 1,600 ரூபாய் கொடுக்கிறது. 2016 மே மாதம் ஜெயலலிதா கையெழுத்திட்ட 100 யூனிட் இலவசம் இவர்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எல்லா போர்ஷனும் ஒரே இணைப்பில் ஓடினால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டி, அவருக்கும் மேல் படிநிலைக் கட்டணம்தான் வருகிறது.

எரிசக்தி மலிவாகக் கிடைத்த காலம் முடிகிறது என்று உலகமெங்கும் பேசுகிறார்கள். அந்த முடிவு எல்லோர் வீட்டுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. மானியத்துக்கு எட்டாதவர், சொந்தக் கூரை இல்லாதவர், விலையை அடுத்தவர் மேல் ஏற்ற முடியாதவர் ஆகியோரிடம்தான் அது முதலில் வருகிறது.

மலிவில் எழுந்த ஊர்கள்

அம்பத்தூரும் ஆவடியும் இன்றிருக்கும் உருவத்தைப் பெற்றது தொழிற்சாலைகளால். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. அறுபதுகளில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. 1962-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகத் தொடங்கியது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. லேத் வாங்கிப் போட ஒரு ஷெட், ஒரு மின் இணைப்பு, கைத்தொழில் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் முதலாளி ஆகலாம் என்ற நம்பிக்கை இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானோரை வாழவைத்தது.

அந்த மலிவுக்குள் ஒளிந்திருந்த செலவுகள் பல. தமிழ்நாட்டில் பழுப்பு நிலக்கரி உண்டு. அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய கருநிலக்கரி கிடையாது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் கொண்டுவந்து, கப்பலில் எண்ணூருக்கு ஏற்றி வர வேண்டும். போதாததற்கு வெளிநாட்டு நிலக்கரி. எரித்த சாம்பல் குழாய் வழியே போய், கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. பூண்டியிலிருந்து நம் திருவள்ளூர் மாவட்டம் வழியாக ஓடிவரும் அதே ஆறுதான். காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம் மீனவர்கள் இறாலும் நண்டும் குறைந்துபோன கழிமுகத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். நாம் குறைவாகக் கட்டிய பில்லின் மீதியை அவர்கள் கட்டினார்கள்.

இன்னொரு பகுதி கடனாக நின்றது. மின் பகிர்மானக் கழகத்தின் குவிந்த நட்டம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது.

இருட்டில் தொடங்கிய பாடம்

முதல் எச்சரிக்கை 2008-இல் வந்தது. உயரழுத்த இணைப்புள்ள ஆலைகள் 40 சதவீத மின்வெட்டைச் சந்தித்தன. 2012-இல் சென்னைக்கு அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நாளுக்கு 2 மணி நேரம். வெளி மாவட்டங்களில் பாதி நாளைக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. வசதியுள்ள ஆலை ஜெனரேட்டர் வாங்கியது. மின்வாரிய மின்சாரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் செலவு வைக்கும் டீசல் மின்சாரத்தில் மெஷினை ஓட்டியது. அதற்கு வழியில்லாத ஜாப் ஒர்க் பட்டறைகளில் தொழிலாளிகள் கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னர் வெட்டு நீங்கியது. கட்டணம் ஏறியது. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த உயர்வில் சிறு தொழில்களை அதிகம் வாட்டியது யூனிட் விலையல்ல, நிலைக்கட்டணம். 112 கிலோவாட் இணைப்புக்கு மாதம் 3,920 ரூபாயாக இருந்தது 17,200 ரூபாய் ஆனது என்று தொழில் அமைப்புகள் மேடைதோறும் சொல்லின. ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நின்றாலும் இந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். இதோடு காலையும் மாலையும், தேவை கூடும் நேரங்களுக்கான பீக் ஹவர் கூடுதல் கட்டணம்.

பெரிய கம்பெனி தன் பொருளின் விலையை ஏற்றிக்கொள்ளும். அதற்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறையோ பீஸ் ரேட்டை ஐம்பது காசு ஏற்றிக் கேட்டால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அப்போது மிச்சம் பிடிக்க இருக்கும் ஒரே இடம் கூலி. ஓவர்டைம் நிற்கும், ஹெல்பர் குறைவார். 2023 செப்டம்பர் 25-ஆம் தேதி மாநிலமெங்கும் சிறு, குறுந்தொழில்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின. பீக் ஹவர் கட்டணத்தில் அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. நிலைக்கட்டணச் சுமை நீங்கவில்லை.

அடுப்படிக்கும் வந்தது

2020 மே மாதத்துக்குப் பிறகு பெரும்பாலோரின் வங்கிக் கணக்கில் காஸ் மானியம் விழுவது நின்றது. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. அதற்கு முந்தைய ஆண்டு ஹோட்டல்களுக்கான 19 கிலோ சிலிண்டர் 2,500 ரூபாயைத் தாண்டியது. டீக்கடைகளிலும் விலை ஏறியது. நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேலும், சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேலும் இறக்குமதி. வளைகுடாவில் பதற்றம் என்றாலும் உக்ரைனில் போர் என்றாலும் நம் அடுப்படிவரை அதன் சூடு வருகிறது. 2022-இல் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. பெட்ரோல் வரிசைகளில் காத்திருந்தவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகளையும் படித்தோம்.

செய்யக் கூடியவை

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. வெயில் கூடக் கூடத் தேவையும் கூடும். பகலில் சூரிய மின்சாரம் மலிவு. காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுக்கும். மாலை ஆறு மணிக்கு மேல்தான் நெருக்கடி. ஆகவே பகலில் கிடைப்பதைச் சேமித்துவைக்கும் பேட்டரிகளும், பகலில் ஓடும் மெஷினுக்குக் குறைந்த கட்டணமும் வேண்டும்.

பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அது சொந்த மாடி உள்ளவருக்கு. வாடகைக் குடும்பங்களும், ஷெட்டை வாடகைக்கு எடுத்த பட்டறைகளும் பங்கு போட்டுக்கொள்ளும் பொது சூரிய நிலையங்கள் வர வேண்டும். வாடகை ஒப்பந்தம் உள்ள ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் எளிதில் கிடைக்க வேண்டும். நிலைக்கட்டணத்தைப் பட்டறை உண்மையில் எடுத்த சுமைக்கு ஏற்ப வசூலிக்க வேண்டும்.

இங்கே மிச்சமிருக்கும் மலிவான எரிசக்தி தண்டவாளத்தில் ஓடுகிறது. மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பைக்கில் அம்பத்தூர் போகும் தொழிலாளி, பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட இந்தக் காலத்தில், ரயிலுக்கு மாறினால் மாதச் செலவில் கணிசமாக மிஞ்சும். வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை போக மினி பஸ்ஸும், ஸ்டேஷனில் பத்திரமான சைக்கிள் நிறுத்தமும் இருந்தால் அவர் மாறுவார்.

விலை ஏறுவதை யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது. சுமையை எப்படிப் பங்கிடுவது என்பதை நாம் தீர்மானிக்கலாம். பெரிய கட்டண மாற்றங்களுக்கு முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் அப்படிக் கூட்டங்கள் நடந்தன. அடுத்த கூட்டத்துக்கு சப் மீட்டர் குடும்பங்கள் தங்கள் கணக்கோடு போக வேண்டும். அவர்களுக்கு மின்வாரியத்தோடு நேரடிக் கணக்கே இல்லை என்பதால்தான் போக வேண்டும். அவர்களுக்குத் துணையாகக் குடியிருப்போர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மனு எழுதித் தர வேண்டும்.