படம் சுவரைத் தாண்டுகிறது, ரிமோட் தாண்டவில்லை

ஹாலில் ஒரு டிவி, உள்ளறையில் ஒரு டிவி என்றால் இரண்டு செட்டாப் பாக்ஸ், இரண்டு மாதக் கட்டணம் என்பதைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் ஒரே கேபிளை ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்தால் போதும். எந்த அறையிலும் யார் வேண்டுமானாலும் எந்தச் சேனலையும் பார்க்கலாம். பிரிக்கப் பிரிக்க சிக்னல் குறையும், மூன்றாவது டிவியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். கேபிள்காரரும் பார்த்தும் பார்க்காதவர் போலப் போய்விடுவார். அன்று சேனல்கள் பூட்டின்றி வந்தன; வேண்டிய சேனலைப் பிரித்தெடுக்கும் ட்யூனர் ஒவ்வொரு டிவிக்குள்ளேயும் இருந்தது. அதனால் அவர் தடுக்க நினைத்தாலும் தடுத்திருக்க முடியாது. டிஜிட்டல் வந்தபோது பூட்டும் சேர்ந்து வந்தது. சேனலைப் பிரிக்கும் வேலையும் பூட்டைத் திறக்கும் வேலையும் டிவியை விட்டு வெளியேறி ஒரு தனிப் பெட்டிக்குள் போயின. இந்தியாவில் இதை முதலில் சந்தித்த நகரம் சென்னை. 2003 செப்டம்பரில் ‘காஸ்’ என்ற பெயரில் கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி கட்டாயமானது இங்கேதான். 2011-இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் நான்கு கட்டங்களாக நாடு முழுவதும் அது பரவியது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017 செப்டம்பரில் இலவசப் பெட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது. பெட்டி இணைப்புக்கு ஒன்று. டிவியோ பல வீடுகளில் ஒன்றுக்கு மேல் இருந்தது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவியும், அதன் பிறகு சொந்தக் காசில் வாங்கிய தட்டை டிவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

அந்த இரண்டாவது டிவிக்கு இரண்டாவது இணைப்பு கட்டாயம் தேவை என்ற நினைப்பு, பெரும்பாலும் நம் பழக்கத்தால் வந்தது. தொழில்நுட்பம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரே பெட்டியின் படத்தை வீட்டின் எந்த அறைக்கும் கொண்டுபோகலாம். அந்த அறையில் இருந்தபடியே சேனலை மாற்றவும் முடியும். இந்த இரண்டாவது வசதியைத்தான் பெட்டி தருகிறவர்கள் நமக்குக் கொடுப்பதில்லை.

முதலில் பணத்தைப் பார்த்துவிடலாம். ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை 2019-இல் நடைமுறைக்கு வந்தபோது, சேனல் விலையைத் தவிர்த்து, இணைப்புக்கென்று மட்டும் மாதம் அதிகபட்சம் 130 ரூபாய் வாங்கலாம் என்று வைத்தார்கள். அப்போது ஒரே வீட்டின் இரண்டாவது டிவிக்கும் அதே 130 ரூபாய் கேட்கப்பட்டதால் கூச்சல் எழுந்தது. 2020-இல் டிராய் விதியைத் திருத்தி, ஒரு வீட்டின் கூடுதல் டிவிகளுக்கு அந்தக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றது. அதாவது 52 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 61 ரூபாய் 36 காசு. வருடத்துக்கு 736 ரூபாய். இது வெறும் இணைப்புக்கு மட்டும். கட்டணச் சேனல்களின் விலை பெட்டிக்குப் பெட்டி தனியாகச் சேரும். 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பே நீக்கப்பட்டு, தொகையை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. இந்தப் பணம் எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். தெருவில் புதிதாகக் கேபிள் இழுக்கவில்லை. வீட்டு வாசல் வரை வந்த சிக்னல் ஒன்றேதான். கூடுதலாக வந்தது ஒரு பெட்டியும், கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியும்.

சரி, இரண்டாவது டிவியில் நம் வீடுகளில் என்ன பார்க்கிறார்கள்? வேறு வேறு சேனலை ஒரே நேரத்தில் பார்ப்பது ஒரு வகை. அதைவிட அதிகம் பேசப்படாத இன்னொரு வகை உண்டு. ஹாலில் ஓடும் அதே தொடர் சமையலறையில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடமாட முடியாத பெரியவர் படுத்தபடியே செய்தி பார்க்க வேண்டும். அவர் பார்க்கும் பகல் நேரத்தில் ஹால் டிவி அணைந்தே கிடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய் மீதியைப் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்குமே இரண்டு சேனல்கள் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. இந்த வீடுகளுக்கு வேண்டியது இன்னொரு இணைப்பு இல்லை, இன்னொரு திரை.

படத்தை அந்தத் திரைக்குக் கொண்டுபோவது எளிது. எச்.டி. பெட்டிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டும், மஞ்சள்-வெள்ளை-சிவப்புப் பின் செருகும் பழைய ஏ.வி. வழியும் இரண்டும் உண்டு. பல பெட்டிகளில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். எனவே ஹால் டிவிக்கு எச்.டி.எம்.ஐ., உள்ளறை டிவிக்கு ஏ.வி. ஒயர் என்று இழுத்தால் ஸ்ப்ளிட்டர் கூடத் தேவையில்லை. மலிவான ஒயரை நீளமாக இழுத்தால் நிறம் மங்கும், ஒலியில் இரைச்சல் சேரும். நல்ல கோஆக்சியல் கேபிளில் பின் வைத்துக் கட்டினால் ஒரு வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்குத் தாராளமாகப் போதும். மூன்று நான்கு டிவிகள் என்றால் மாடுலேட்டர் என்ற சிறு கருவி, பெட்டியின் படத்தைப் பழைய கேபிள் சேனல் ஒன்றாக மாற்றி வீட்டுக் கேபிளில் ஏற்றிவிடும். ஒவ்வொரு டிவியிலும் அந்த எண்ணைத் தேடி வைத்துக்கொண்டால் ஆயிற்று. எல்லா அறையிலும் எச்.டி. தெளிவு வேண்டும் என்பவர்கள் எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டரும், நெட்வொர்க் கேபிள் வழியாகப் படத்தை அனுப்பும் எக்ஸ்டெண்டரும் வாங்க வேண்டும். அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும்: ஒரு டிவி பழையதாக இருந்தால், அதன் தெளிவுக்கு எல்லா டிவிகளும் இறங்கிவிடுவது உண்டு. நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு எச்.டி.எம்.ஐ.யிலும் இருப்பதால், அதை மதிக்காத மலிவு ஸ்ப்ளிட்டரில் கறுப்புத் திரைதான் தெரியும்.

சிக்கல் ரிமோட்டில் இருக்கிறது. படம் ஹாலிலிருந்து உள்ளறைக்கு வந்துவிட்டது. சேனல் மாற்ற மட்டும் எழுந்து ஹாலுக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்காரருக்காகத்தான் அந்த டிவியையே அங்கே வைத்தோம் என்றால், இது கேலிக்கூத்து. நம் பெட்டிகளின் ரிமோட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பேசுகிறது. டார்ச் வெளிச்சம் செங்கல் சுவரைத் தாண்டாதது போலவே அதுவும் தாண்டாது. வெயிலிலும் குழல்விளக்கிலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால், அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட ரிமோட் தன் ஒளியை வினாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்க வைக்கிறது. பெட்டியின் முகப்பில் உள்ள கண் அந்தத் துடிப்பை மட்டுமே கவனிக்கும். நமக்குச் சாதகமான விஷயம் இதில்தான் இருக்கிறது. பெட்டிக்கு ரிமோட்டை நேரில் பார்க்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அந்தத் துடிப்பு எப்படியாவது வந்து சேர்ந்தால் போதும். உள்ளறையில் ஒரு கண்ணை வைத்து, அது வாங்கிய துடிப்பை ஒயர் வழியாகக் கொண்டுவந்து, பெட்டியின் கண்ணுக்கு எதிரே ஒட்டிய சிறு எல்.இ.டி.யில் மீண்டும் ஒளியாக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஐ.ஆர். எக்ஸ்டெண்டர் என்று விற்கப்படும் பொருள் இவ்வளவுதான். ஒயர் வேண்டாம் என்றால், நடுவே ரேடியோ அலையைப் பயன்படுத்தும் வகையும் இருக்கிறது. வைஃபை வழியாக வேலை செய்யும் கருவிகளும் உண்டு. ஆனால் அவை கைப்பேசிச் செயலியையே பெரிதும் நம்பியிருப்பதால், அறுபது எழுபது வயதுக்காரர் கையில் ரப்பர் பொத்தான் ரிமோட்டுக்கு அவை ஈடாகாது.

இதைப் பெட்டி நிறுவனங்கள் செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் ஸ்கை நிறுவனம் 1998-இல் டிஜிட்டல் சேவையைத் தொடங்கியது. அதன் பெட்டிகளின் பின்புறத்தில் இரண்டாவது டிவிக்கென்றே ஒரு சாக்கெட் இருந்தது. அங்கிருந்து படம் ஒரு கோஆக்சியல் கேபிளில் படுக்கையறைக்குப் போகும். அந்த முனையில் ஒரு சிறு கண்ணைச் செருகினால், ரிமோட்டின் கட்டளை அதே கேபிளில் எதிர்த்திசையில் பெட்டிக்குத் திரும்பும். கண்ணுக்கு வேண்டிய மின்சாரத்தையும் பெட்டியே கேபிள் வழியாகக் கொடுத்தது. அங்கே மக்கள் அதை மந்திரக்கண் என்றே அழைத்தார்கள். அமெரிக்காவில் டிஷ் நெட்வொர்க் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே பெட்டிக்குள் இரண்டு ட்யூனர்களை வைத்து, இரண்டு டிவிகளில் இரண்டு சேனல்களை ஓட விட்டது. அடுத்த அறை டிவிக்குச் சுவரைத் தாண்டும் ரேடியோ ரிமோட்டையும் கொடுத்தது. ஒரு பெட்டி, இரண்டு அறை, இரண்டு விருப்பம். ஆனால் 2016-இல் ஸ்கை தன் புதிய ‘க்யூ’ பெட்டிகளைக் கொண்டுவந்தபோது பழைய சாக்கெட் அதில் இல்லை. கூடுதல் அறைகளுக்குத் தனிச் சிறு பெட்டிகளும் அவற்றுக்கு மாதச் சந்தாவும் வந்தன. வலையமைப்பில் இயங்கும் புதிய முறைக்குச் சாதகங்கள் உண்டுதான். ஆயினும் ஒருமுறைச் செலவாக இருந்தது மாதச் செலவாக மாறியது என்ற உண்மையை அந்தச் சாதகங்கள் மறைக்க முடியாது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் கருத்து நியாயமானது: ஒரு பெட்டி என்றால் ஒரு சேனல். எட்டு மணித் தொடரும் கிரிக்கெட்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்ற வீட்டில், எந்த எக்ஸ்டெண்டரும் சண்டையைத் தீர்க்காது, கூட்டவே செய்யும். உள்ளறையிலிருந்து ஒருவர் சேனலை மாற்றினால் ஹாலில் இருப்பவருக்கும் மாறும். அந்த வீடு இரண்டாவது இணைப்பு வாங்கத்தான் வேண்டும். நான் கேட்பது, அந்தத் தேவை இல்லாத வீட்டுக்கும் அதே விடையைத் திணிக்க வேண்டாம் என்பதே. கேபிள்காரரிடம் இரண்டாவது டிவி என்று சொன்னதும் அவர் இரண்டாவது பெட்டியை எடுக்கிறார். வேறு வழி இருக்கிறது என்று சொல்ல அவருக்கு ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளை அவருக்கு மேலே இருக்கும் நிறுவனம் தருவதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு அவருடைய பிழைப்பைப் பற்றியது. ஓ.டி.டி.யால் ஏற்கெனவே இணைப்புகளை இழந்துகொண்டிருக்கும் உள்ளூர் ஆபரேட்டரிடம் கூடுதல் பெட்டியின் வருமானத்தையும் பிடுங்கலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் சந்தாதாரர் கேபிளை ஏன் துண்டிக்கிறார்? மாத ரசீது கனக்கிறது என்பதால்தானே. இரண்டாவது இணைப்பின் கட்டணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்து, ஒயர் இழுக்கும் கூலியையும் எக்ஸ்டெண்டர் விற்பனையையும் அவரே எடுத்துக்கொண்டால், வாடிக்கையாளர் தங்குவார், அவருக்கும் கைக்காசு வரும். கட்டணச் சேனலுக்கு ஆபரேட்டர்கள் ஒளிபரப்பாளருக்குக் கொடுக்கும் தொகையும் பெட்டிக் கணக்கில்தான்; இரண்டாவது பெட்டியே இல்லாதபோது அங்கே யாருக்கும் பாக்கி இல்லை.

திருட்டு இணைப்புக்கு இது வழிவிடும் என்பது மூன்றாவது எதிர்ப்பு. ஒரே குடும்பத்தின் அறைக்குள் படத்தை எடுத்துப்போவதும், சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கு விற்பதும், லாட்ஜின் இருபது அறைகளுக்கு ஓட விடுவதும் ஒன்றாகிவிடாது. பின்னவை இரண்டும் சந்தாவை ஏமாற்றுவது. அவற்றைக் கண்டிக்க வேண்டியதுதான். அதற்காகச் சமையலறைக்குப் போகும் பத்து மீட்டர் ஒயரைச் சந்தேகிப்பது அதிகப்படி.

ஓ.டி.டி. காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. ஒவ்வொரு அறையிலும் ஸ்மார்ட் டிவியும் தடையில்லாத பிராட்பேண்டும் உள்ளவருக்கு இது தேவைப்படாது. ஆனால் உள்ளறையில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பழைய டிவி. அதற்கு ஏ.வி. சாக்கெட்டையும் பழைய கேபிள் சாக்கெட்டையும் தவிர வேறு வாசல் இல்லை.

கூடுதல் டிவிக்கு ஆகும் உண்மைச் செலவை மட்டும் வாங்க வேண்டும் என்பது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் 1992 கேபிள் சட்டம், கட்டணக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிறுவனங்கள் கூடுதல் டிவிகளின் இணைப்புக்கும் மாதப் பயன்பாட்டுக்கும் அடக்கச் செலவின் அடிப்படையிலேயே கட்டணம் வைக்க வேண்டும் என்று எழுதியே வைத்தது. நம் ஊரிலேயே டி.டி. ஃப்ரீ டிஷ்ஷில் இரண்டாவது பெட்டிக்கு, வாங்கும்போது கொடுக்கும் விலையோடு சரி. மாதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. அதில் தமிழ்ச் சேனல்கள் குறைவு என்பதால் இங்கே அது கேபிளுக்குப் போட்டியாகவில்லை.

டிராய் 40 சதவீத வரம்பையாவது கூடுதல் டிவிகளுக்கு மட்டும் மீண்டும் கொண்டுவர வேண்டும். புதிதாக வாங்கும் பெட்டிகளில் ஐ.ஆர். கண்ணைச் செருக ஒரு சாக்கெட்டோ, சுவரைத் தாண்டும் ரேடியோ அல்லது புளூடூத் ரிமோட்டோ இருக்க வேண்டும் என்று அரசு கேபிள் நிறுவனம் டெண்டரிலேயே நிபந்தனை வைக்கலாம். பெரிய கொள்முதலில் அதற்கான விலை மிகச் சொற்பம். அதுவரை, இரண்டாவது இணைப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளறை டிவியில் ஹாலில் ஓடாத சேனலை ஒரே நேரத்தில் யாராவது பார்க்கப்போகிறார்களா என்று வீட்டில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், கேபிள்காரரிடம் பெட்டி கேட்காதீர்கள், நல்ல ஏ.வி. ஒயரும் ஒரு ஐ.ஆர். எக்ஸ்டெண்டரும் கேளுங்கள்.