உடல் பேசும் மொழி

கிளமெண்டிப் பேட்டையில் மாலை நேரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிறிது நேரம் அமர்ந்திருப்போர், பிறர் பேச்சைக் கேளாமலேயே பலவற்றைக் காண்பர். சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்த முதியவர் நாற்காலியில் நன்றாகச் சாய்கின்றார். ஆட்டம் அவர் பக்கம் என்பது தெரிகின்றது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பும் மகனின் தோள்களைப் பார்த்தே, "என்ன ஆயிற்று?" என்று தாய் வினவுகின்றாள். வாய் திறவாமல் நடக்கும் இவ்வுரையாடலையே இன்று உடல்மொழி என்கின்றோம்.

பெயர் புதிது, பொருள் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. உள்ளத்து உணர்வு உடலின்மேல் தோன்றுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவை எட்டு. இவற்றுள் பெருமிதமே இக்காலத்தார் தன்னம்பிக்கை என்பதற்கு அருகில் நிற்பது. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்தும் அது பிறக்கும் என்று அந்நூல் வகுக்கின்றது. நெஞ்சை நிமிர்த்தி நிற்பதிலிருந்து அது தொடங்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். திருவள்ளுவரும் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் செய்துள்ளார். 71ஆம் அதிகாரம் பொருட்பாலில் அமைந்து அரசவைக்கு உரியது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் அமைந்து காதலர்க்கு உரியது. இன்று கடைகளில் விற்கும் உடல்மொழி நூல்கள் பெரிதும் பேசுவனவும் இவ்விரண்டையே.

நம் குடும்பங்களுக்கு இதிலுள்ள இடர்ப்பாடு வேறு. பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்து, கைகட்டி நில் என்றே நம்முள் பலர் வளர்க்கப்பட்டோம். வீட்டில் அது பணிவு. நேர்முகத் தேர்வில், தாழ்ந்த பார்வை துணிவின்மையாகவும், கட்டிய கைகள் ஒதுங்கி நிற்கும் மனப்பாங்காகவும் கொள்ளப்படலாம். தலையைப் பக்கவாட்டில் அசைத்து நாம் 'சரி' என்கின்றோம். அவ்வழக்கம் அறியாத மேலாளர் அதனை 'இல்லை' என்று எண்ணக்கூடும். பல இனத்தார் கூடி வாழும் ஊரில் இத்தகையன இன்னும் உள. மலாய் மக்களிடையே ஆட்காட்டி விரலால் ஒருவரைச் சுட்டுவது மரியாதையன்று, கட்டைவிரலால் காட்டுவர். சீனர்கள் முகவரி அட்டையை இரு கைகளாலும் தருவர்.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியாற்றிய நாள்களில் யானும் இப்பிழை செய்ததுண்டு. வாய்மொழிப் பயிற்சியில் தரையைப் பார்த்தே விடை கூறிய ஒரு மாணவிக்குக் குறைந்த மதிப்பெண் இட்டேன். பின்னர் ஒலிப்பதிவைக் கேட்டபோது, வகுப்பிலேயே தெளிவான விடை அவளுடையதாக இருந்தது. மதிப்பெண்ணைத் திருத்தினேன், அதற்குள் அவள் வகுப்பில் கையுயர்த்துவதையே நிறுத்தியிருந்தாள்.

'பேச்சில் 93 விழுக்காடு உடலும் குரலுமே' என்று மேடைகளில் அடிக்கடி கூறக் கேட்கின்றோம். 1967இல் ஆல்பர்ட் மெராபியன் என்னும் உளவியலாளர் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. விருப்பு வெறுப்பை உணர்த்தும் தனிச் சொற்களைப் பற்றியதே அவ்வாய்வு. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே விளக்கியுள்ளார். இரண்டு நிமிடம் வீறுடன் நின்றால் உடலின் சுரப்புநீரே மாறும் என்று 2010இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு 42 பேரைக்கொண்டு கூறிற்று. 2015இல் 200 பேரைக்கொண்டு மீண்டும் சோதித்தபோது சுரப்புநீர் மாற்றம் காணப்படவில்லை. துணிவு கூடியதாகத் தோன்றியது என்று மட்டும் பங்கேற்றோர் கூறினர். 2016இல், முதல் ஆய்வின் ஆசிரியர்களுள் ஒருவரே அம்முடிவைத் தாம் நம்பவில்லை என்று அறிவித்தார். ஆகவே, தேர்வுக்குச் செல்லும் பிள்ளைக்குப் பெற்றோர் கற்பிக்கத் தக்கது எளியது: வினவுபவரின் முகம் பார்த்து விடை கூறுதல், கைகளை மடியில் தளர்வாக வைத்தல், 'ஆம்' என்பதை வாயாலும் சொல்லுதல். வீட்டுப் பணிவை அதற்காக விட்டுவிட வேண்டுவதில்லை. இடத்திற்கு ஏற்ப மொழியை மாற்றும் நம் பிள்ளைகளுக்கு இது கடினமன்று.

இனி, காதற் குறிப்புகள். நெற்றி வியர்த்தல், புன்முறுவலை மறைத்தல், கூந்தலை அவிழ்த்தல், அணிகலனைத் தடவுதல், உடையைத் திருத்தி உடுத்தல் என மெய்ப்பாட்டியல் அடுக்குகின்றது. நுட்பமான கூற்றுத்தான். ஆயினும், அங்கே தலைவியின் உள்ளம் முன்பே தலைவன்பால் சென்றுவிட்டது. நம் ஊர் வெப்பத்திலோ எவர் நெற்றியும் வியர்க்கும். பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஒரு பெண் கூந்தலை அவிழ்த்து முடிவது காற்றின் பொருட்டு; கடையில் பணிபுரிபவரின் முகமலர்ச்சி அவர் வேலையின் பகுதி. ஒரே ஒரு குறிப்பைக் கொண்டு மற்றொருவரின் மனத்தை அறிந்ததாக எண்ணும் இளைஞர், தம் விருப்பத்தையே பிறர் முகத்தில் படிக்கின்றனர். ஐயமுண்டாயின் மரியாதையுடன் கேட்டறிதலும், மறுப்பை அவ்வாறே ஏற்றலும் வேண்டும். துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பதற்கென 2014ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், ஒருவரை அச்சமோ மன வேதனையோ அடையும்படி விடாது பின்தொடர்வது சிங்கப்பூரில் குற்றமாகும்.