மணி முகரும் கடற்கரை

கோடையில் ஜனங்கள் குவிகிற கடற்கரைக்குக் குளிர் தொடங்கிய பிறகு யாராவது போவார்களா? போவார்கள். அதுவும் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள கேம்பர் வேனில், நாயையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் நார்தம்பர்லாந்து என்று ஒரு பகுதி இருக்கிறது. வடகடலை ஒட்டி, மணலும் பாறையுமாக ஸ்காட்லாந்து எல்லைவரை நீளும் கரை அது. அக்டோபர் மாதத்தில் அங்கே ஒரு சுற்றுப் போய்வருவோம். வண்டியில் நம்மோடு ஒரு நாய் உண்டு. அதற்கு நீங்கள் எந்தப் பெயரும் வைக்கலாம். நான் மணி என்றுதான் கூப்பிடப்போகிறேன்.

ஏன் அக்டோபர்? முதல் காரணம் மணிதான். இங்கிலாந்தின் பல கடற்கரைகளில் மே முதல் செப்டம்பர் முடிய நாய்களுக்கு அனுமதி இல்லை. குளிக்க வருகிறவர்களின் கூட்டம் கலைந்ததும் தடையும் நீங்கிவிடும். இரண்டாவது காரணம் கடல். ஒரு கிலோ மணலைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு வெப்பம், ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க வேண்டும். அதனால் கடல் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். சூரியன் உச்சத்தில் இருப்பது ஜூன் மாதம். வடகடல் அதிக வெப்பத்தோடு இருப்பதோ ஆகஸ்ட் கடைசியில். அக்டோபரிலும் அந்த வெப்பம் முழுக்கப் போயிருக்காது. வெப்பம் என்றதும் சட்டையைக் கழற்றிவிடாதீர்கள். வங்கக்கடல் 28 டிகிரி என்றால் இது 12 டிகிரி. மணி குதிக்கும், நாம் கரையில் நிற்போம்.

மூன்றாவது காரணம் புயல். அது என்னென்ன காட்டும் என்று தெற்கிலிருந்து வடக்காகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ட்ரூரிஜ் விரிகுடாவில் லோ ஹாக்ஸ்லி என்று ஓர் இடம். பெரும் அலைகள் மணலை வாரிக்கொண்டு போன மறுநாள் அங்கே கறுப்பாக ஒரு படுகை வெளியே தெரியும். செடிகொடிகள் அரைகுறையாக மக்கி உருவான மண் அது. அதில் மரங்களின் அடிக்கட்டைகள் வேரோடு நிற்கும், தண்டுகள் விழுந்து கிடக்கும். சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த காடு! பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருக உருகக் கடல்மட்டம் உயர்ந்து, காட்டை மூடிவிட்டது. அதற்கும் வெகுகாலம் முன்னால், இன்றைய வடகடலின் தென்பாதி நிலமாகவே இருந்தது. பிரிட்டனிலிருந்து டென்மார்க்குக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம். அந்த நிலத்துக்கு டாக்கர்லாந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈர மண்ணுக்குள் ஆக்சிஜன் புகாததால் மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலையில்லை. அதனால்தான் கட்டை இன்னும் கட்டையாகவே இருக்கிறது.

லோ ஹாக்ஸ்லியின் அந்தச் சேற்றில் பெரியவர்களின் காலடியும் குழந்தைகளின் காலடியும் பதிந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மான், காட்டுப்பன்றியின் குளம்புத் தடங்களும் இருந்தன. இன்னும் தெற்கே, யார்க்‌ஷயரில் உள்ள ஸ்டார் கார் என்னும் இடத்தில் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைக்காரர் குடியிருப்பைத் தோண்டியபோது வளர்ப்பு நாயின் எலும்பும் கிடைத்திருக்கிறது. ஆக, இந்தப் பக்கத்தில் மனிதரோடு நாய் சுற்றுவது புதுப் பழக்கம் அல்ல.

இப்போது மணியின் வாரைக் கொஞ்சம் நீளமாக விட்டுப்பாருங்கள். நாம் தொடுவானத்தைப் பார்ப்போம். அது தலையைக் குனிந்து மணலைத்தான் பார்க்கும். பார்க்கும் என்பதும் சரியல்ல, முகரும். வாசனையை உணரும் செல்கள் நம் மூக்கில் 50, 60 லட்சம் இருக்கலாம். நாயின் மூக்கில், இனத்தைப் பொறுத்து, 10 கோடி முதல் 30 கோடி வரை. எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பு தருவது அந்த மூக்கின் அமைப்பு. நாம் மூச்சு விடும்போது, முகர்ந்துகொண்டிருக்கும் வாசனையை நாமே ஊதித் தள்ளிவிடுகிறோம். நாய் அப்படிச் செய்யாது. அதன் நாசித் துளைகளின் ஓரத்தில் ஒரு பிளவு உண்டு. உள்ளே போகும் காற்று முன்பக்கமாகப் போகும். வெளியே வரும் காற்று அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் பின்னோக்கிப் போகும். முன்னால் உள்ள வாசனை கலையாது. நொடிக்கு ஐந்து தடவை வரை இப்படி முகர முடியும். உள்ளே போன காற்றும் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பங்கு நுரையீரலுக்கு; ஒரு சிறு பங்கு மூக்கின் பின்புறம் உள்ள மடிப்புகளுக்கு. முகர்வதற்கென்றே தனி அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது!

அந்த மூக்குக்கு இங்கே என்ன கிடைக்கும்? கடலுக்கென்று ஒரு வாசனை உண்டல்லவா, அதில் பெரும்பங்கு டைமீத்தைல் சல்பைடு என்னும் வாயு. கடலில் மிதக்கும் நுண்பாசிகளிலும் கடற்பாசிகளிலும் உள்ள ஒரு பொருளை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அது வெளிவருகிறது. இரை எங்கே இருக்கிறது என்று சில கடற்பறவைகள் கண்டுபிடிப்பதுகூட இதை முகர்ந்துதான். புயலுக்குப் பிறகு கெல்ப் எனப்படும் பெரிய பாசிகள் கரையில் குவியலாக ஒதுங்கி அழுகும்போது வாசனை நமக்கே மூக்கைத் துளைக்கும். மணிக்கு அது பெரிய விருந்து வீடு. மணிக்கு மட்டும் அல்ல. குவியலுக்குள் பாசி ஈக்கள் முட்டையிடும், புழுக்கள் நெளியும், அவற்றைத் தின்னப் பறவைகள் வரும். அவற்றில் கல்திருப்பி உள்ளானைத் தேடிப்பாருங்கள். கல்லையும் பாசியையும் அலகால் நெம்பிப் புரட்டி, அடியில் உள்ள இரையைப் பிடிக்கும் சின்னப் பறவை. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும் இந்த இனத்தின் பறவைகளைக் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் அதே பருவத்தில் பார்க்கலாம்.

காய்ந்த கெல்ப் துண்டை மணி கவ்வினால் உடனே பிடுங்கிவிடுங்கள். வயிற்றுக்குள் போய் ஈரம் ஊறினால் அது உப்பி, குடலை அடைத்துவிடும். கடல்நீரைக் குடிக்கவும் விடக்கூடாது, உப்பு நாயின் உடம்பைக் கெடுக்கும். வண்டியிலிருந்து ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே குவியலில் விரல்நீளத்துக்குக் கறுப்பாக, தோல்பை மாதிரி ஒன்று கிடைக்கலாம். மணி முகர்ந்துவிட்டு விட்டுவிடும், நீங்கள் விடாதீர்கள். அது முட்டைப்பை. நான்கு மூலையிலும் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் திருக்கையுடையது. மூலைகளில் சுருள் சுருளாக இழை இருந்தால் புள்ளிச் சிறுசுறாவுடையது. அந்த இழைகளைப் பாசியில் சுற்றி, தாய் முட்டையைக் கடலடியில் கட்டிவைக்கிறது. குஞ்சு வெளியேறிய பிறகு வெறும் பை கரை ஒதுங்குகிறது. பிரிட்டனில் ஷார்க் டிரஸ்ட் என்னும் அமைப்பு, 2003 முதல், இவற்றைக் கண்டவர்களிடமிருந்து இடமும் நாளும் கேட்டு வாங்கித் தொகுக்கிறது. எந்தத் திருக்கை எந்தக் கடலில் முட்டையிடுகிறது என்பதை ஒருவரும் கடலுக்குள் இறங்காமலே இப்படித் தெரிந்துகொள்ள முடிகிறது. சிறுவர்களும் செய்யக்கூடிய ஆராய்ச்சிதான், ஆனால் விளையாட்டு இல்லை.

தண்ணீர் வடிந்த மணலில் முறுக்கு பிழிந்து வைத்ததுபோல் குட்டிக் குட்டிச் சுருள்கள் தெரியும். கீழே ஒரு மணல்புழு இருக்கிறது என்று அர்த்தம். ஆங்கில எழுத்தான யு வடிவத்தில் வளை தோண்டிக்கொண்டு, மணலை விழுங்கி, அதில் உள்ள உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மேலே தள்ளுகிறது. கடல் வடிந்தபின் பல மணி நேரம் அதற்குப் புதுத் தண்ணீர் வராது, ஆக்சிஜனும் வராது. எப்படித் தாக்குப்பிடிக்கிறது? நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். இந்தப் புழுவினுடையது 156 வரை சுமக்கும்! பிரான்சு நாட்டு அறிவியலாளர் ஃபிராங்க் ஸால் இதை ஆராய்ந்து, மாற்று அறுவை சிகிச்சைக்காக எடுத்த சிறுநீரகத்தைக் கெடாமல் வைத்திருக்கும் திரவத்தில் புழுவின் ஹீமோகுளோபினைச் சேர்க்க வழிசெய்தார். தூண்டில் இரையாக மட்டும் மதிக்கப்பட்ட ஒரு புழுவுக்கு வந்த வாழ்வு!

மணி கடலில் குதித்துவிட்டு ஓடிவருகிறது. தள்ளி நில்லுங்கள், உதறப்போகிறது. இந்த உதறலையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தார், எலி முதல் கரடி வரை, நனைந்த விலங்குகள் உதறுவதைப் படங்களில் பார்த்துக் கணக்கிட்டார்கள். சுண்டெலி நொடிக்கு 30 தடவை உதறுகிறது. லாப்ரடார் நாய்க்கு நான்கைந்து தடவை போதும். உடம்பு சிறியதாக இருந்தால் நீர்த்துளியை வெளியே எறியும் விசையும் குறைவு. அதை வேகத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. நாயின் தோல் உடம்போடு ஒட்டாமல் தளர்வாக இருப்பதால் முதுகெலும்பு திரும்புவதைவிடத் தோல் அதிகமாகத் திரும்புகிறது. சில நொடிகளில் 70 சதவீதத் தண்ணீர் போய்விடும். மீதி 30 சதவீதம் வண்டிக்குள் வரும்.

வந்தால் என்ன ஆகும் என்று இரவில் தெரியும். நம் மூச்சில் ஈரம், மணியின் மூச்சில் ஈரம், அதன் ரோமத்தில் ஈரம், அடுப்பில் கொதிக்கும் தேநீரிலிருந்தும் ஈரம். வெளியே 6, 7 டிகிரி. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராவி துளியாகி வழியும். காலையில் போர்வையே நசநசக்கும். எவ்வளவு குளிரானாலும் கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைப்பது அதற்காகத்தான். காற்றோட்டம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் விளையாட்டானது அல்ல. மூடிய வண்டிக்குள் அடுப்பு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. 30 கோடி செல் வைத்திருக்கும் மணியாலும் எச்சரிக்க முடியாது. அதைக் கண்டு அலறும் சிறு கருவி ஒன்று ஒவ்வொரு கேம்பர் வேனிலும் இருக்க வேண்டும்.

சீஹவுசஸ் என்னும் சிற்றூருக்கு வந்தால் எதிரே கடலில் ஃபார்ன் தீவுகள் தெரியும். சாம்பல்நிறச் சீல்கள், அதாவது கடல்நாய்கள், குட்டி போடுவது இந்தப் பருவத்தில்தான். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கின்றன. தீவுகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் ஊழியர்கள், எண்ணிய குட்டியை மறுபடி எண்ணிவிடாமல் இருக்க வண்ணப்பொடிக் கரைசலால் அடையாளம் வைத்து எண்ணினார்கள். பிறகு டிரோன் வந்தது. பிறக்கும்போது குட்டியின் எடை சுமார் 14 கிலோ. தாய்ப்பாலில் பாதிக்கும் மேல் கொழுப்பு. ஒரு நாளைக்கு 2 கிலோ வீதம் ஊதி, மூன்று வாரத்துக்குள் மூன்று மடங்காகிவிடும். தாய் அதுவரை எதுவும் தின்பதில்லை. பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் கடலுக்குப் போய்விடும். தன் கொழுப்பைத் தானே தின்றுகொண்டு குட்டி கரையில் கிடக்கும். வெள்ளை ரோமம் உதிர்ந்து, நீரில் குளிர் தாங்கும் ரோமம் முளைத்தபின் பசி துரத்தக் கடலில் இறங்கும்.

அலைகள் அடித்துக்கொண்டு வந்த குட்டி சில சமயம் நாம் நடக்கும் மணலிலேயே கிடக்கும். மணிக்கு ஒரே ஆர்வம். நாயும் சீலும் பாலூட்டிகளில் ஒரே கிளை. அதனால் ஒன்றின் நோய் மற்றொன்றின் நோய்க்கு நெருங்கிய உறவாகிறது. 1988-இலும் 2002-இலும் வடகடல் சீல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வைரஸ், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸின் சொந்தக்காரன். வாரை இழுத்துப்பிடித்து, நூறு மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். குட்டி அழுதாலும் கடலுக்குள் தள்ளிவிடக்கூடாது. வெள்ளை ரோமத்தோடு நனைந்தால் அது விறைத்துப்போகும்.

வடக்கே போனால் பாம்பரோ கோட்டை. சுமார் 29.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து உருகி வந்து உறைந்த கரும்பாறைமேல் நிற்கிறது. படம் எடுத்துக்கொண்டு நகர்வோம், ஏனென்றால் ஹோலி ஐலண்டுக்கு நேரத்தோடு போயாக வேண்டும்.

லிண்டிஸ்ஃபார்ன் என்றும் பெயருள்ள அந்தத் தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை கடலுக்கடியில் போய்விடுகிறது. 1954-இல் போட்ட சாலை. நடுவில் தூண்கள்மேல் ஒரு சிறு அறை கட்டியிருக்கிறார்கள், சிக்கிக்கொண்டவர்கள் ஏறி நிற்க. கால அட்டவணையைப் பார்க்காமல் வந்து, காரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அந்த அறையில் நடுங்கியவர்கள் உண்டு. சென்னையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டரையும் தாண்டும். மணல்வெளி தட்டையாக இருப்பதால் நான்கு மீட்டர் ஏற்றம் பல கிலோமீட்டர் அகலத்தை விழுங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி, சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக இருக்கும்போது, அதன் இழுப்பும் நிலவின் இழுப்பும் நன்றாக ஒத்துச்சேர்ந்து ஆண்டின் பெரிய ஏற்றங்களைத் தருகின்றன. போதாததற்குப் புயல். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். அதனால் அட்டவணையில் ‘போகலாம்’ என்று இருக்கும் நேரத்தின் கடைசி நிமிடத்தை நம்பக்கூடாது.

தண்ணீர் வடிந்த சேற்றுவெளியில் பிரென்ட் வாத்துகள் மேய்கின்றன. ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டிலிருந்து வந்தவை. கடற்புல் தின்ன அவற்றுக்குக் கிடைப்பது வற்ற நேரம் மட்டும்தான். மணி ஒருமுறை குரைத்து ஓடினால் கூட்டமே எழும்பும். சேர்த்த கொழுப்பும் வீண், மேயும் நேரமும் வீண். இங்கே வாரை அவிழ்க்கவே கூடாது.

நாளைக்கு எப்போது நடக்கப் போகலாம்? நீங்களே கணக்குப் போடலாம். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலா தன் பாதையில் கொஞ்சம் முன்னே போயிருக்கும். அதை எட்டிப்பிடிக்கப் பூமி இன்னும் சுமார் 50 நிமிடம் சுற்ற வேண்டும். இன்று வற்றம் காலை 9.10 மணிக்கு என்றால் நாளை 10 மணிக்கு. அதுவரை படுத்திருக்கலாம். மணிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒன்பது மணிக்கே கதவைப் பிறாண்டும்.