ஒரு பொருளும் அதன் பிரதிகளும்

வங்கிக் கணக்கொன்றின் மீதியை அதன் உரிமையாளர் தம் வீட்டிலிருந்தே இணைய உலாவியிற் காணலாம். வங்கி ஊழியர் தம் மேசைக் கணனியிலுள்ள செயலியிற் காணலாம். இருவருக்கும் விடை தருவது சேவையகம் எனப்படும் கணனியே. ஆங்குள்ள தரவு இவ்விரு வகையாரையும் மாறுபாடின்றிச் சென்றடைவது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தரவையும் அதன்மீது நிகழும் செயல்களையும் ஒருங்கே கொண்ட தொகுதியைக் கணனியியலார் 'பொருள்' என்பர். கணக்கு ஒரு பொருளாயின், இலக்கமும் மீதியும் அதன் தரவுகள்; வைப்பிடுதலும் மீளப் பெறுதலும் அதன் செயல்கள். உரிமையாளரின் விபரம் மற்றொரு பொருளாய் வேறிடத்தில் இருத்தல் கூடும். கணக்கிலே அதன் நினைவக முகவரி மாத்திரமே இருக்கும். 'கோயிலுக்கு மேற்கே மூன்றாம் வீடு' என்பது ஓர் ஊரில் முகவரியாகலாம். வேற்றூரில் அது பயன்படாது. அவ்வாறே ஒரு கணனியின் நினைவக முகவரி மற்றொரு கணனிக்குப் பயன்படாது. எனவே, பொருளின் தரவை விரித்தெழுதி அனுப்ப, பெறும் கணனி அதனைக் கொண்டு தன்னிடத்தே ஒரு பிரதியை ஆக்கிக்கொள்கின்றது. இதுவே தொடராக்கம் எனப்படும்.

முன்னர்த் தோன்றிய சில முறைகள், தொலைவிலுள்ள பொருளை அருகிலுள்ளதுபோல் அழைக்க வழிசெய்தன. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த கோர்பாவும், 1997இல் ஜாவா மொழியுடன் வந்த ஆர்.எம்.ஐ. முறையும் இத்தகையன. ஆயினும் வலையமைப்பின் தாமதத்தையும் தடங்கலையும் எம்முறையாலும் மறைத்தல் இயலாது. பின்னர், 1998இல் எக்ஸ்.எம்.எல். விதந்துரைக்கப்பட்டது, அதன்பின் டக்ளஸ் குரொக்போர்ட் என்பார் ஜேசன் என்னும் எளிய வடிவத்தைப் பரப்பினார். பெயரையும் அதன் பெறுமானத்தையும் எழுத்துக்களாகவே குறிக்கும் ஜேசனை எம்மொழியில் எழுதிய செயலியும் படிக்கலாம். இன்று பெருவழக்காயுள்ளது இதுவே.

எனினும், எழுத்து ஒன்றாயிருப்பினும் படிப்போர் வேறுபடலாம். ஜேசன் எண்ணின் பருமனுக்கு எல்லை வகுக்கவில்லை. ஜாவா போன்ற மொழிகள் 64 இருமக் கூறுகள் கொண்ட முழுவெண்ணைப் பிழையின்றி ஏற்கும். உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் வழமையான எண் வகையோ 9007199254740992 என்பதற்கு மேற்பட்ட முழுவெண்கள் யாவற்றையும் சரியாகக் குறிக்கமாட்டாது. 9007199254740993 என அனுப்பினால் அதன் ஈற்றிலக்கம் 2 ஆகிவிடும். பிழை என்ற அறிவிப்பும் தோன்றாது. மேசைக் கணனி ஒரு கணக்கைக் காட்ட, உலாவி மற்றொரு கணக்கைத் தேடும்! 2010இல் டுவிட்டர் நிறுவனம் பெரிய அடையாள எண்களுக்கு மாறியபோது, இக்காரணம் பற்றியே அவற்றை எழுத்துத் தொடராகவும் சேர்த்து வழங்கிற்று.

மற்றோர் இடரும் உண்டு. ஒரே விபரத்தின் பிரதியை இருவர் பெற்றுத் தனித்தனியே திருத்தினால், பிந்தி அனுப்பியவரின் பிரதி முந்தியவரின் திருத்தத்தை அழித்துவிடும். இதனைத் தடுப்பதற்கு, சேவையகம் ஒவ்வொரு பிரதியுடனும் பதிப்புக் குறியொன்றை அனுப்பலாம். திருத்துவோர் அக்குறியைத் திருப்பியனுப்பல் வேண்டும். இடையில் மூலம் மாறியிருப்பின், எச்.ரி.ரி.பி. விதிப்படி சேவையகம் 412 என்னும் இலக்கத்தைக் கூறித் திருத்தத்தை மறுக்கும்.

இன்னும், பொருள் முழுவதையும் விரித்தெழுதி அனுப்புதலும் தகாது. கடவுச்சொல் பற்றிய தரவு சேவையகத்தை விட்டு நீங்கலாகாது. ஆதலின், அனுப்பத்தக்கவற்றை மாத்திரம் தெரிந்து தனி வடிவமாக அமைத்தலே முறை. மீதிக்கு மேற்பட்ட தொகையைக் கேட்பவரை மறுக்கும் விதியும் சேவையகத்திலேயே நிலைபெறல் வேண்டும். உலாவியிலுள்ள நிரலை எவரும் மாற்றிவிடலாம் அன்றோ?

மூலம் சேவையகத்திலே; ஏனையோர் கையில் உள்ளவை பிரதிகளே. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு நிரல் எழுதும் மாணவன், ஒருவரின் கணக்கு மற்றொருவரின் கணக்காய்த் தோன்றும் பெரும்பிழைக்கு இடங்கொடான்.