தள்ளிவிடுவாங்களா, மாட்டாங்களா?

அமெரிக்க ஃபுட்பால் டீமுக்குப் புது நிர்வாகம் வந்தால் ரசிகர்களுக்கு ஒரே கவலை: பந்தை வீசி ஆட்டத்தையே நடத்துகிற குவார்ட்டர்பேக்கை வேறு டீமுக்குத் தள்ளிவிடுவாங்களா?

பி.காம். புத்தி, நான் பழைய பேரேட்டைத்தான் புரட்டுவேன். அவரைப் பொறுக்கியது யார்? பழைய ஆளென்றால் பாதி ஜோசியம் முடிந்தது!

2021 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸுக்கு ஜெனரல் மேனேஜராக பிராட் ஹோம்ஸ் வந்தார். மேத்யூ ஸ்டாஃபோர்ட் 2009-லேயே வந்தவர். 12 சீசனில் ஒரு பிளே-ஆஃப் வெற்றிகூட இல்லை. 'என்னை விட்டுடுங்க' என்கிற நிலைக்கு அவரே வந்துவிட்டார். அந்த மாதமே பேரம் படிந்தது. பதிலுக்கு ராம்ஸ் டீமின் ஜாரட் காஃப், கூடவே மூன்று டிராஃப்ட் வாய்ப்புகள். 2016-ல் காஃபை ராம்ஸ் எடுத்தபோது அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களை அலசும் பிரிவுக்குத் தலைவர், சாட்சாத் ஹோம்ஸேதான்!

ஸ்டாஃபோர்ட் ராம்ஸில் முதல் சீசனிலேயே சூப்பர் பௌல் ஜெயித்தார். டெட்ராய்ட்காரர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால் 2024 ஜனவரி பிளே-ஆஃபில் அதே ஸ்டாஃபோர்டின் ராம்ஸை, காஃப் ஆடிய லயன்ஸ் 24-23 என்று சாய்த்தது. 32 வருஷத்தில் அவர்களுக்கு முதல் பிளே-ஆஃப் வெற்றி.